முகம் பார்த்துச் சோறு போடுகிறவர்

நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு, வந்திருக்கிற குடும்பத்தை ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார் என் சகலை. மெனு கார்டு கிடையாது. அந்த மரத்தடி ஓட்டலில் யார் என்ன சாப்பிட வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

"சாருக்கு இன்னைக்கு மீன் வேணாம். வயிறு மந்தமா இருக்கிற மூஞ்சி. கீரையும் சோறும் தர்றேன், லேசா இருக்கும். அம்மாவுக்குக் கோழி. பாப்பாவுக்கு முட்டை. போ கண்ணு, பின்னால கூண்டுல கிடக்கும், நீயே பார்த்து எடுத்துட்டு வா."

அந்த சார் ஏதோ பெரிய பதவியில் இருப்பவர் என்பது அவர் செருப்பைப் பார்த்தாலே தெரியும். என் கடைக்கு வந்திருந்தால் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அழுக்குத் தேடியிருப்பார். இங்கே டாக்டர் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி தலையை ஆட்டுகிறார். சாப்பாடு வர எவ்வளவு நேரமாகும் என்று அவர் மனைவி கேட்டதற்கு என் சகலை சொன்ன பதில்: "ஆகும்மா. அதுவரைக்கும் அந்த ஊஞ்சல் சும்மாதான கிடக்கு?" அந்த அம்மாளும் போய் ஆடினார்.

எனக்கு வயிறு எரிகிறது. இதற்கு நாகரிகமான வேறு வார்த்தை தேடி நான் மெனக்கெடப் போவதில்லை. பொறாமைதான், அதற்கென்ன இப்போது?

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். நான் நகரத்தில் ஆபீஸ்கள் நிறைந்த தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். சின்ன வயதிலிருந்தே அடுப்படியில் வெந்தவன். அவரோ போன வருஷம் வரை தண்ணீர் பம்பு விற்றுக்கொண்டிருந்தார். வெங்காயம் நறுக்கச் சொன்னால் வெங்காயத்தைவிட விரலைத்தான் அதிகம் நறுக்குவார். ஊருக்கு வெளியே சும்மா கிடந்த நிலத்தில் நாலு மேஜையைப் போட்டார், கிளைக்குக் கிளை பல்பு தொங்கவிட்டார், இரண்டு வாத்துகளை வாங்கி அவிழ்த்துவிட்டார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை.

வாத்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை மேஜைக்கு அடியில் வந்து ரொட்டி கேட்கும். கொடுக்காவிட்டால் காலைக் கொத்தும். கொத்து வாங்கிய ஒரு பெண், "ஐயோ, எவ்வளவு உரிமையா கொத்துது பாருங்க!" என்று போட்டோ எடுத்துக்கொண்டாள். என் கடையில் ஒரு ஈ பறந்ததற்கு இன்னும் ஒரு வாடிக்கையாளர் என் முகத்தில் விழிப்பதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் கூடையையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து நீட்டுகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பீன்ஸ் அந்தப் பக்கம், தக்காளி இந்தப் பக்கம். பழுத்ததாப் பார்த்துப் பறிங்க." சாப்பிட வந்தவன் குனிந்து காய் பறிக்கிறான், முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறான், கழுவியும் கொடுக்கிறான். கடைசியில் அதற்கு பில்லும் கட்டிவிட்டு, "மனசு நிறைஞ்சு போச்சுண்ணே" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போகிறான்! அடேயப்பா, நான் ஒருநாள் ஒரு வாடிக்கையாளரிடம் உப்பு ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தட்டுகள் மாறி வரும். கோழி கேட்காதவருக்குக் கோழி போகும். "பரவாயில்ல, சொந்தக்காரங்க மாதிரி மாத்திச் சாப்பிடுங்க" என்பார். இரண்டு மேஜைக்காரர்களும் அறிமுகமாகி, சிரித்து, தட்டை மாற்றிக்கொள்வார்கள். ரொட்டி கருகியிருந்தால் "கருகினாத்தான் வாசனை" என்பார். சாப்பாட்டில் உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவு. ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. நிழலைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. எல்லார் முகத்தையும் படிக்கிற மனிதர் என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. என் மேஜைக்கு வந்தால் நாற்காலியைத் திருப்புவதில்லை, நின்றுகொண்டே, துண்டில் கையைத் துடைத்தபடி, "சகல, உங்களுக்கு என்ன வேணும்?" என்பார். ஊருக்கெல்லாம் முகம் பார்த்துச் சோறு, எனக்கு மட்டும் விசாரணை. "எதுவானாலும் சரி" என்பேன். தட்டைக் கொண்டுவந்து வைப்பார். நான் முதல் வாய் எடுப்பதற்குள் வாத்தை விரட்டப் போய்விடுவார். சகலை என்ற மரியாதைக்காவது, எப்படி இருக்கு என்று கேட்கலாமில்லையா?

அவர் வீட்டில் மரியாதை தெரிந்தவர்களே இல்லை. என் கடையில் எதைக் குறை சொன்னாலும் சொல்லலாம், என் எலும்பு சூப்பை யாரும் சொல்ல முடியாது. சிறு தீயில், பக்கத்திலேயே நின்று, நுரையை வழித்து வழித்து எடுத்து வைப்பது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் நாங்கள் இங்கே வருவோம். வரும்போதெல்லாம் என் மனைவி அதில் ஒரு பிளாஸ்க் நிரப்பிக்கொள்வாள். "அக்காவுக்கு முட்டி வலிங்க, எலும்பு சூப் நல்லதாம்." அக்கா வாங்கி உள்ளே வைப்பார். சாயங்காலம் பிளாஸ்க் கழுவித் திரும்பி வரும். நன்றாக இருந்தது என்று இன்றுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன பாராட்டு?

இந்த மனிதர்தான் போன மாதம் என்னிடம் சொன்னார்: "சகல, பேசாம கடையை மூடிட்டு இங்க வந்துடுங்க. அக்காவால அடுப்பு முன்னால நிக்க முடியல. அடுப்படி உங்களுது, தோட்டம் என்னுது." சொன்னது என்னிடம், பார்த்தது தக்காளிச் செடியை.

என் தெருவில் இருந்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாக வேறு பக்கம் போய்விட்டன. மத்தியானத்தில் நானும் மின்விசிறியும்தான் கடையில் இருக்கிறோம். குத்தகை முடிகிறது. தொடர்வதா இல்லையா என்று கட்டடக்காரருக்கு நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும். அது சகலைக்கும் தெரியும். அதனால்தான் இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறார். பம்பு விற்றவருக்குக் கீழே நானா? ஒரு முட்டி வலிக்கு மாற்று ஆளாகவா?

"ஏங்க, மாமா நல்லதுக்குத்தான சொல்றாரு. வேணும் வேணாம்னு இன்னைக்காவது ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள் என் மனைவி, இன்று இங்கே வரும்போது வண்டியிலேயே.

சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். வழி நெடுக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். 'உங்க அன்புக்கு நன்றி. எனக்கு என் கடை போதும்.' முகத்தில் அடித்த மாதிரி இருக்கக் கூடாது, ஆனால் கொஞ்சம் உறைக்க வேண்டும்.

மத்தியானக் கூட்டம் உச்சத்தில் இருந்தபோது ஆளைக் காணவில்லை. ஊஞ்சலில் இல்லை, பீன்ஸ் பந்தலடியில் இல்லை. சமையலறையில் எட்டிப் பார்த்தேன். அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு கோழியைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பின்னால சாமான் கொட்டகையில இருப்பாரு. கூட்டம் இருந்தாலும் இந்த நேரத்துக்குக் கொஞ்சம் ஓடிடுவாரு" என்று சொல்லிவிட்டு, என்னவோ என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மனிதர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்பது போகும்போதுதான் நினைவுக்கு வந்தது. உட்காரச் சொன்னால், "நீங்க ஆகட்டும், நான் அப்புறம்" என்பார்.

கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. மண்வெட்டிகளுக்கும் ரப்பர் குழாய்களுக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், எனக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே பிளாஸ்க். எங்கள் பிளாஸ்க், கைப்பிடியில் என் மனைவி சுற்றிய பச்சை நூல் தெரிந்தது. மூடியில் கொஞ்சமாக ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். தலையை மெல்ல ஆட்டினார். "எப்படிடா வைக்கிறான் இவன்!" என்றார் தனக்குள். அதில் பாராட்டு மட்டும் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கூடையோடு குனிகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் கேட்கிற அதே குரல்.

நான் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

தோட்டத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "அண்ணே, எங்க மூஞ்சியைக் கொஞ்சம் வந்து பாருங்கண்ணே! பசிக்குது!"

"இருங்க, வந்துட்டேன்!" என்று கத்தினார். எழுந்திருக்கவில்லை. பிளாஸ்கை மூடியின் மேல் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் காத்திருந்தார். பிறகு பக்கத்துக் குழாயைத் திறந்து அதற்குள் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, நன்றாகக் குலுக்கி அலசி, அந்தத் தண்ணீரையும் அண்ணாந்து குடித்தார்.