கைகட்டி வாத்தியார்

துணிக்கடை மாடியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராமிங் எடுப்பவனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கைகட்டி. எரர் என்று யார் கத்தினாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பான்; கீபோர்டைத் தொடமாட்டான். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் டைப்பிங் சொல்லித் தருகிறவள் நான். அவன் கை கட்டாத காலமும் எனக்குத் தெரியும்.

அப்போது அவனுக்கு இருபத்து நாலு வயது, விரலில் தனி வேகம். "சார், ஓடமாட்டேங்குது" என்று குரல் வந்தால் போதும். இடது பக்கமாகக் குனிந்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் நாலு எழுத்தைத் தட்டிவிட்டுப் போவான். புரோகிராம் ஓடும். பிள்ளைகள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "தம்பி, புரோகிராம் எழுதுறது நீயா, அவங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "சந்தோஷமா வீட்டுக்குப் போறாங்கல்லக்கா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வகுப்பில் அவன் தங்கையும் இருந்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கி, உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டும் என்று கடையை விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய கடைசி பிராஜெக்ட்டைப் பார்த்து ஒரு கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். அண்ணன்காரனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வேலைக்குப் போன முதல் நாள் ஒரு வருகைப் பட்டியலைக் கொடுத்து, வராதவர்கள் பெயரை மட்டும் எடுக்கும் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பத்து வரி வேலை. இரண்டாவது வரியில் எரர். மத்தியானம் வரைக்கும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இடது பக்கம் ஒரு கை வரும்னு பாத்துட்டே இருந்தேண்ணா" என்று அவனிடம் சொல்லி அழுதாளாம். மருந்துக்கடையில் அதற்குள் வேறு ஆள். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிறாள், நின்றுகொண்டேதான்.

அவன் முதலில் கம்பெனிக்காரர்களைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினான். பிறகு அவளுடைய பழைய ஃபைல்களைத் திறந்து பார்த்தான். புரோகிராமுக்குள் பெயர் வைத்த விதம், வரிகளில் இடம் விட்ட விதம், எல்லாம் அவனுடையது. அவள் எழுதியது என்று சொல்ல இரண்டு வரிகூடத் தேறவில்லை. அன்றைக்குத்தான் கையைக் கட்டினான்.

அதற்குப் பிறகு நல்ல வாத்தியார் ஆனான், அதை நான் மறுக்கமாட்டேன். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் திரையில் என்ன வரும் என்று வாயால் சொல்ல வைப்பான். தப்பாக வந்தால், "நீ என்ன வரும்னு நெனச்ச? எந்த வரியில மாறிச்சு?" என்பான். பாதிப் பேர் திட்டிக்கொண்டே ஓடினார்கள். மீதிப் பேர் வேலைக்குப் போன இடத்தில் நிலைத்தார்கள்.

போன மாதம், தனியாகப் போனால் கதவைத் திறக்கமாட்டாள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனான்.

"திரும்ப வாம்மா. இப்ப ஒழுங்கா சொல்லித் தர்றேன்" என்றான்.

அவள் கதவை விட்டு நகரவில்லை. "மாடி வீட்டுப் பொண்ணு உன்கிட்டதான் படிக்கிறா. மொத நாளு நீ ஒரு கதை சொன்னியாமே? வேலைக்குப் போன இடத்துல ஒருத்தி, ஒரு கை வரும் வரும்னு காத்துக்கிட்டு இருந்தாளாம். வகுப்பே சிரிச்சுதாம்."

"யாருன்னு நான் சொல்லலியே" என்றான் அவன்.

"சொல்லல. அதான் அவ என்கிட்டயே வந்து சொல்லிச் சிரிச்சா. நானும் கூடச் சிரிச்சேன்."

வெளியே வந்ததும் அவனைப் பிடிபிடி என்று பிடித்தேன். அந்தக் கதையைக் கேட்டால்தான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது என்றான். எனக்கு வந்த கோபத்தில் பாதி வழியில் அவனை விட்டுவிட்டு நடந்தேன்.

திங்கட்கிழமை புது பேட்ச். தடுப்பில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் அந்தக் கதையைத்தான் எடுத்தான். இந்தத் தடவை "ஒருத்தி" என்று சொல்லவில்லை. "என் தங்கச்சி" என்றான். "அவளக் கெடுத்தது நான்தான்" என்றான். கை வரும் என்று அவள் காத்திருந்ததைச் சொன்னான்.

எல்லோரும் சிரித்தார்கள்.