கொதித்து ஆறும் தண்ணீருக்கு எத்தனை யூனிட்?

போன வாரம் நாகர்கோவிலில் அடைமழை. ஊரில் காய்ந்த விறகு என்று ஒன்று இல்லை. என் பக்கத்து வீட்டுச் செல்லையாவுக்கு அது பெரிய சங்கடம் — மகள் ராஜம் பிரசவித்துப் பத்து நாள்தான் ஆகிறது. தினமும் வேதுத் தண்ணீரில், அதாவது நொச்சியும் புளியிலையும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில், அவள் குளிக்க வேண்டும்.

பம்பாயிலிருந்து வந்த மருமகன் ஒரு மின்சார அடுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

செல்லையா ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை. முழக்கணக்கு வரும், யூனிட் கணக்கு வராது. மின்சார ஆபீஸ் குமாஸ்தாவான என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இது எவ்வளவு கரண்டு திங்கும்?"

அடுப்பின் அடியில் ஆயிரம் வாட் என்று பொறித்திருந்தது. ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். யூனிட் இரண்டணா. கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அண்டா கொதிக்க இரண்டே கால் மணி நேரம். நாளுக்கு நாலரை அணா... மாதத்துக்கு எட்டு ரூபாய் ஏழணா.

செல்லையா முகம் சுண்டிப்போனது.

"எட்டு ரூவாயா! ஏட்டி பொன்னம்மா, இனி நாள் விட்டு நாள் குளிச்சாப் போரும் கேட்டியா?"

"பச்ச உடம்புக்காரியக் குளிக்கவிடாம மிச்சம் புடிக்கப் போறேரா?" என்றார் மனைவி.

அப்போதுதான் கவனித்தேன். கொதித்த அண்டாவை இறக்கி வைத்து, பொன்னம்மா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்!

"எதுக்கு வீசுதீங்க?"

"ஆற வேண்டாமா? பச்சத்தண்ணி சேக்கப்பிடாதுல்லா!"

காசு கொடுத்துக் கொதிக்க வைப்பது. பிறகு கை வலிக்க ஆற வைப்பது. நம்மில் எத்தனை பேர் எத்தனை காரியத்தில் இதைச் செய்கிறோம்?

மறுபடி கணக்குப் போட்டேன். இலையைச் சின்னப் பானையில் கொதிக்க வைக்க அரை மணி நேரம். அண்டாத் தண்ணீர் உடம்புக்கு இதமாகச் சுட இன்னொரு அரை மணி. இரண்டையும் கலந்தால் தீர்ந்தது. ஒரு யூனிட் — மாதம் மூன்றே முக்கால் ரூபாய்.

"கொதிக்காத தண்ணியா? சம்பந்தியம்மா கேட்டா நான் என்ன செல்லுவேன்?" என்றார் பொன்னம்மா.

உள்ளேயிருந்து ராஜத்தின் குரல் வந்தது: "எம்மா, குளிக்கப்போறது நானா, எனக்க மாமியாரா? எனக்கு நித்தமும் குளிக்கணும். அவ்வளவுதான்."

மறுநாள் முதல் ஒரு யூனிட் குளியல்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். அண்டாவை எட்டிப் பார்த்தார். "மைனி, தண்ணி நல்லாக் கொதிச்சுதா?"

பொன்னம்மா அசரவில்லை. "இலை வெந்து கெடக்கது தெரியலியா மைனி?"

அதில் பொய் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை. எங்கள் ஆபீஸில் இப்படி ஒரு வாக்கியம் எழுதப் பழகச் சிலருக்குப் பத்து வருஷம் ஆகிறது!