தலைப்பொங்கல் மானிட்டர்

யோகேஸ்வரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கை சுத்தம், நாக்குதான் சுத்தமில்லை. தேவிபட்டினத்து ஷாகிர், டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல கம்ப்யூட்டர் மாதிரி லினக்ஸ் ஓடுது. தோதான மானிட்டர் ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றான். "ஏலே, எதைச் சொருகினாலும் ஓடும்லே. சாயங்காலம் வா" என்று இவன் அடித்துவிட்டான்.

ஓடவில்லை. கடையிலிருந்த அத்தனையையும் மாட்டிப் பார்த்தான். ஒன்றில் இருட்டு, இன்னொன்றில் வெறும் பச்சைக் கோடு. படம் எங்கே தொடங்குகிறது என்கிற சேதியைத் தனிக் கம்பியில் அனுப்பாமல், பச்சை நிறத்தோடு சேர்த்தே அனுப்புகிற பெட்டி அது. அதைப் பிரித்தறிகிற மானிட்டர் அபூர்வம். சாயங்காலம் வந்த ஷாகிர், "இந்த மாதிரி கிடைச்சா ஓடுமாம்ணே" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான். தடித்த பின்பக்கம், மூலையில் நீலப் பொத்தான். பார்த்த மாத்திரத்தில் யோகேஸ்வரனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அதே மாதிரி மானிட்டர் ஒன்று முன்பு அவன் வீடு தேடி வந்ததுதான். தலைப்பொங்கல் சீராகக் கரும்பு, மஞ்சள்கொத்தோடு, நயினார்கோவிலிலிருந்து மாமனார் முத்துராமலிங்கம் அதைத் தலையில் சுமந்து வந்தார். மிளகாய் விவசாயம் பார்க்கிற சம்சாரி. மருமகனுக்குக் கம்ப்யூட்டர் தொழிலாச்சே என்று, மூடப்போகிற ஓர் ஆபீசில் கேட்டு வாங்கியிருந்தார். இந்தப் பாவி என்ன செய்தான்? சொந்தபந்தம் முன்னால், "ஏன் மாமா, பழைய இரும்புக்காரன் வாங்க மாட்டேன்னுட்டானா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மனுசன் அதை மட்டும் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

"நீ போய் வாங்கிட்டு வாயேன்" என்று மனைவி முருகேஸ்வரியிடம் கெஞ்சினான்.

"பேசின வாய் உங்களுது. நீங்களே போங்க."

மறுநாள் போனான். வெட்கங்கெட்டவன், பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு பொய்யை வேறு தயார் செய்தான். மாமனாரைக் கண்டதும் அதை ஒப்பித்தான்: "மாமா, அன்னைக்குப் பேசினது தப்பு. மனசு கேக்கலை. அந்த மானிட்டரைக் குடுத்தீகன்னா வீட்டுல வச்சுக்கிருவேன்."

அவர், "உக்காருங்க மாப்பிள்ளை" என்று உள்ளே போனார். தூசி துடைத்த மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தார். மறுபடி போய் ஒரு தாம்பாளம் கொண்டுவந்தார். வெற்றிலை, பழம், தேங்காய், ஒரு மஞ்சள்கொத்து.

"சீரு இல்லையா, முறையாக் குடுக்கணும்ல."

யோகேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "மாமா, நான் சொன்னது பொய். கடைக்குத் தேவைப்பட்டுச்சு, அதான் வந்தேன்."

"தெரியும். நேத்தே மக போன்ல சொல்லிட்டா" என்றார் அவர். "உங்களுக்கு ஒதவும்னுதான அன்னைக்கும் கொண்டாந்தேன். பிடிங்க."

தலை நிமிராமலே தாம்பாளத்தை வாங்கினான். தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாத கனம் அந்த மானிட்டர். ஒரு கை கொடுத்து அதை அவன் தலையில் ஏற்றிவிட்டதும் அவர்தான்.