சாமான் அறையில் புகை

ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கத்தில் கஜனியைத் தெரியாதவர்கள் குறைவு. பிளேன் ஓட்டுகிற பிள்ளை. கலியாண வீடுகளில் அன்ரிமார் அவளுடைய கையைப் பிடித்து, "மேல போகப் பயமில்லையோ பிள்ளை?" என்று கேட்பார்கள். "பயப்படுறதுக்குத்தான் அன்ரி சம்பளம் தாறாங்கள்," என்பாள். பகிடியென்று சிரிப்பார்கள். அவள் பகிடி விட்டதேயில்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நம்பவேண்டும் என்பது அவள் கொள்கை. ஆனால் அவள் துணை விமானியாகப் பறந்த விமானங்களில் ஒன்று சரியான புளுகன். கீழே சாமான் அறையில் புகையென்று சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். இறக்கித் திறந்தால் மீன் பெட்டிகளிலிருந்து எழும்பிய ஈரம்தான் நிற்கும். கருவியை மாற்றியும் புளுகு நிற்கவில்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு தடவையும் கஜனி தீயணைப்புப் பொத்தானை அமத்திவிட்டு, கிட்ட உள்ள விமான நிலையத்தில் இறங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பாள்.

பங்குனியில் வன்கூவரிலிருந்து ரொறன்ரோ வரும்போது அப்படித்தான் இடைவழியில் வினிப்பெக்கில் இறக்கினார்கள். ஒன்றுமில்லை. பயணிகள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நாள் முழுக்க அங்கே கிடந்தார்கள்.

அதன்பிறகு பக்கத்து ஊரான மார்க்கத்தில் கமலாம்பிகை அன்ரியின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் சடங்கு, வந்தது. அவர் கஜனியின் அம்மாவுக்குச் சிநேகிதி. சாப்பாட்டு மேசையில் செத்தவரின் கடைசி மகன் அருள்நாயகம் பேசிக்கொண்டிருந்தார்.

"தாய்க்குக் கடைசி ஆம்பிளைப்பிள்ளைதானே கொள்ளி வைக்கிறது. இங்க கொள்ளிக்குப் பதிலா மயானத்தில பொத்தான் அமத்திறது, அதையாவது என்ர கையால செய்வம் எண்டு வன்கூவரில இருந்து ஏறினனான். வினிப்பெக்கில இறக்கிப்போட்டாங்கள். மயானத்தில தந்த நேரத்தை மாத்த ஏலாதாம். அத்தான்தான் அமத்தினவர். பிளேனுக்குள்ள புகையாம். ஒரு புகையுமில்லை."

யார் இறக்கியது என்று அவருக்குத் தெரியாது. கஜனி சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். அம்மா தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தா.

வைகாசியில் அதே விமானம், அதே வழி. காப்டன் ஷிஹாப் மன்னாரிலிருந்து வந்தவர். அண்ணன் முறையில் அவளுக்கு அவர் நானா, அவருக்கு அவள் தங்கச்சி. சுப்பீரியர் ஏரியை நெருங்கும்போது மணி அடித்தது. சாமான் அறையில் புகை.

"பொய்யன் தொடங்கிட்டான்," என்றார் ஷிஹாப். குரலில் சிரிப்பில்லை. "தண்டர் பே கிட்டத்தான் இருக்கு. என்ன தங்கச்சி, இறக்குவமா?"

கஜனியின் கை எழும்பிப் பொத்தானுக்குக் கிட்டப் போய் நின்றது. பின்னால் இருக்கிறவர்களிலும் யாருக்கோ மயானத்தில் ஒரு நேரம் குறித்திருப்பார்கள் என்று நினைத்தாள். கையைக் கீழே எடுத்தாள்.

"கொஞ்சம் பாப்பம், நானா."

ஷிஹாப் அவளைத் திரும்பிப் பார்த்தார். கஜனியே அப்படிச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் மனம் ஆறியிருக்கவேண்டும். சிறிது நேரத்தில் விளக்குத் தானாக அணைந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

கீழே ஏரி முடிவில்லாமல் கிடந்தது. விளக்கு எரிந்தபோது கஜனிக்கு இருந்த பயத்தைவிட அணைந்தபிறகு வந்த பயம் பெரிதாயிருந்தது. ஏன் அணைந்தது என்று நானாவிடம் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

ரொறன்ரோவில் குறித்த நேரத்துக்கே இறங்கினார்கள். விமான வாசலில் நின்ற அவளின் கையை ஒரு தமிழ் மனிசி பிடித்துக்கொண்டா.

"நேரத்துக்குக் கொண்டந்து சேர்த்திட்டியள் பிள்ளை. பெரிய உபகாரம்."

எல்லோரும் போனபிறகு, கீழே சாமான் இறக்குகிறவர்கள் கஜனியையும் ஷிஹாப்பையும் கூப்பிட்டார்கள். கதவு திறந்திருந்தது. ஒரு சூட்கேஸ் கரியாகியிருந்தது, அதைச் சுற்றியிருந்த பெட்டிகள் உருகி ஒட்டிப்போயிருந்தன. யாரோ உள்ளே வைத்த பற்றரி எரிந்து, காற்றுப் போதாமல் தானாக அடங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் காற்றுக் கிடைத்திருந்தால் அத்தனை பேரும் ஏரிக்குள்தான். அறையின் மேல்தட்டு கறுத்துக் கொப்புளித்திருந்தது. அதற்கு மேலேதான் ஆட்கள் இருந்தார்கள்.

ஷிஹாப் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போகினம், நானா," என்றாள் கஜனி.