கிளைச்சிறையில் என் துரட்டிக் கம்பு

எழுபதுகளின் தொடக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கிளைச்சிறையில் நான் வார்டர். என் உடம்பில் மீசைக்கு மட்டும்தான் தைரியம்.

ஒரு சித்திரையில் கைதி ஒருவனுக்குச் சின்னம்மை போட்டது. டாக்டர் வந்து அவனைக் கோடி அறையில் தனியே வைக்கச் சொன்னார். "இன்னொருத்தருக்கு வந்துச்சுன்னா, அன்னையிலருந்து ரெண்டு வாரத்துக்கு யாரும் வெளிய போகக் கூடாது." அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம்.

அதைக் கேட்டு வெளிறிப்போனவர் இன்னொரு கைதி, மானகிரிக்காரர். சேவல்கட்டுத் தகராறில் எதிராளியின் மண்டையை உடைத்துவிட்டு உள்ளே வந்தவர். அடுத்த வாரம் வியாழக்கிழமை விடுதலை. மறுநாள் குன்றக்குடியில் மகளுக்குக் கல்யாணம்.

சிறுவயதிலேயே அம்மை கண்டவர் என்பதால், நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நானோ உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, மேலே கம்பளி மப்ளர் சுற்றி, அவருக்குச் சாவியைக்கூடத் துரட்டிக் கம்பில் மாட்டித்தான் நீட்டினேன். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்களே, சிறைச் சமையல்கட்டிலும் கடுகு வெடிக்கக் கூடாதென்று தடை போட்டேன். கைதிகள் என்னை வாழ்த்திக்கொண்டே சப்பென்ற குழம்பைத் தின்றார்கள்.

அவர் விடுதலைக்கு முந்தின நாள், புதன்கிழமை காலை சட்டையைக் கழற்றினால், மார்பெல்லாம் சிவப்புப் புள்ளி.

"ஆத்தா! எனக்கும் வந்திருச்சு!"

நான் போட்ட கூச்சலில் சிறையே எழுந்து நின்றது. மானகிரிக்காரர் மட்டும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அய்யா, நாளக்கழிச்சு எம்மகளுக்குத் தாலி ஏறுது. ஆத்தா ஒங்ககிட்ட ரெண்டு நா பிந்தி வந்திருக்கக் கூடாதா?"

அவர் முகத்தைப் பார்த்ததும் என் சாவே எனக்கு மறந்துபோனது. டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தவர் என் மார்பைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதெல்லாம் எத்தன நாளாப் பூசிக்கிட்டு இருக்கீக?"

"பத்து நாளாங்கய்யா. குளிக்கல."

"சித்திரை வெயில்ல இதப் பூசிக் கம்பளியும் சுத்துனா வேர்க்குரு வராம என்ன வரும்? மொதல்ல போயிக் குளிங்க!"

வேறு யாருக்கும் புள்ளி இல்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். அன்று மத்தியானம் சமையல்கட்டில் கடுகு வெடித்தது. அறைக்கு அறை கைதட்டல்.

மறுநாள் வாசலில் மானகிரிக்காரர் மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தார்.

"குடும்பத்தோட வந்திரணும். கையில வாங்குவீகளா, கம்புல மாட்டட்டா?"

இரண்டு கையாலும் வாங்கினேன். கல்யாணத்துக்கும் போனேன். பந்தியில் வரவேற்றவரே அவர்தான்: "அய்யாவுக்குத் தாளிச்ச குழம்பா ஊத்துங்கப்பா!"