திராட்சைப் பந்தலில் புடலங்காய்

1. தட்டு கழுவும் மேடை

ஒரு மில் கேன்டீன் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சாப்பாட்டு அறைக்குப் போக வேண்டியதில்லை. பின்பக்கம் தட்டு கழுவும் மேடைக்குப் போனால் போதும். அன்று அங்கே போனபோது, ஒவ்வொரு தட்டிலும் புடலங்காய்க் கூட்டு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. சோறு போயிருந்தது, ரசம் போயிருந்தது, மோர் மிளகாயின் காம்புகூட மிஞ்சவில்லை. புடலங்காயை மட்டும் யாரும் விரலால்கூடத் தொடவில்லை.

பின்னால் எம்.டி. வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது? நாலு நாளாப் பொடலங்கா, இன்னைக்கும் பொடலங்காயா?"

"லோக்கல் காய் சார். ஃப்ரெஷ்."

"ஃப்ரெஷ்ஷாத்தான்யா தொட்டிக்குப் போகுது. அடுத்த வாரமும் தட்டு இப்படித் திரும்பி வந்துச்சுன்னா மதுரைக்காரரையே வரச் சொல்லிருவேன்."

மதுரைக்காரர் என்பவர் எங்களுக்கு முன்பு காய்கறி போட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டர். அவரை நிறுத்தச் சொல்லி எம்.டி.யிடம் வாதாடி வென்றவன் நான்தான். ஆகவே, அந்தத் தொட்டியில் போய்க்கொண்டிருந்தது புடலங்காய் மட்டுமல்ல.

2. ஊர் சுற்றிய வெண்டைக்காய்

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது இது. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் இருந்தது எங்கள் நூற்பாலை. நான் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். நூல் சுற்றும் பாபின், பெல்ட், ஸ்பிண்டில் ஆயில் வாங்குவதுதான் என் தொழில். கேன்டீனைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்றதும் அதையும் என் தலையில் கட்டினார்கள். விவசாயம் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். நட்டதுதான் இல்லை.

பொறுப்பேற்றதும் நான் கண்டுபிடித்தது ஒன்று. சின்னமனூர்ப் பக்கம் பறிக்கிற காய் சாயங்காலம் லாரி ஏறி மதுரைக்குப் போகும். விடியற்காலையில் அதே சாலையில் மதுரைக்காரரின் மினி லாரியில் எங்கள் கேன்டீனுக்குத் திரும்பி வரும். எங்கள் வெண்டைக்காய் எங்களைவிட அதிகம் ஊர் சுற்றியிருந்தது. இந்தக் கூத்தை நிறுத்தி, பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களிடமே வாங்குவோம் என்றேன். அது சரியான யோசனை. இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டியது யோசனையை அல்ல, என்னை.

ஓடைப்பட்டியில் பேச்சியம்மாள் என்று ஒருவர். கணவரோடு சேர்ந்து திராட்சைத் தோட்டம் வைத்திருந்தார். கொடிக்கு வயதாகிக் காய்ப்பு விழுந்துபோனதால் அதைப் பிடுங்கிவிட்டார்கள். கல்தூணும் கம்பிப் பந்தலும் மட்டும் காலியாக நின்றன. பாகல் போட்டால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று கேரளத்து வியாபாரி ஒருவர் முன்பணத்தோடு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து நான் போய்ச் சேர்ந்தேன்.

"புடல் போடுங்க. பந்தல்ல காய்க்கிறது அம்புட்டையும் மில் எடுத்துக்கிரும்" என்றேன்.

பேச்சியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், பந்தப் பொடல் காய்க்க ஆரம்பிச்சா நிறுத்தாது. ஒரு நா விட்டா முத்திப் போகும். அம்புட்டையும் திங்க ஆளு இருக்கா?"

"மூணு ஷிஃப்ட் ஆள் இருக்காங்க."

"அப்ப சரி. மலையாளத்தாருக்கு வேணாமுன்னு சொல்லிர்றேன். ஒங்களை நம்பித்தான் சார்."

இந்தக் கடைசி வாக்கியத்தை பர்ச்சேஸ்காரனிடம் யாரும் சொல்வதில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தில் ஸ்பெசிஃபிகேஷன் வேறு கொடுத்தேன். காய் ஒரே நீளம், ஒரே பருமன், நூல் பிடித்த மாதிரி நேர். பாபின் வாங்கிப் பழகிய வாய் அப்படித்தான் பேசும். புடல் நேராக வளர நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். எல்லாக் காய்க்கும் கட்டக் கயிறு வேண்டும் என்றார் அவருடைய கணவர். மில்லின் கழிவு நூலில் ஒரு பொதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

காய்த்தது பாருங்கள். பந்தலுக்குக் கீழே நிமிர்ந்து நடக்க முடியாது. நான் கேட்டபடியே, அணிவகுப்புக்கு நிற்கிற மாதிரி, அத்தனையும் நேர்.

3. சொற்பொழிவும் அதற்குக் கிடைத்த பதிலும்

எம்.டி. கெடு வைத்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் எழுந்து நின்று பேசினேன். நம் மண், நம் காய், நம் விவசாயி. நல்ல பேச்சு. பாதியிலேயே ஸ்பின்னிங் பிரிவு ஜெசிந்தா கையைத் தூக்கினாள். ராயப்பன்பட்டிக்காரி. சைடராக வேலை, அறுந்த நூலை ஒட்டுகிற கை. பேச்சில் மட்டும் ஒட்டாமல் வெட்டுவாள்.

"சார், ஒங்க வீட்டுல இன்னைக்கு என்ன காயி?"

"ஏன்? கேரட் பொரியல்."

கேன்டீனே சிரித்தது.

"பாத்தீகளா? நாங்க மட்டும் வீட்டுலயும் பொடலங்கா, இங்கனயும் பொடலங்காவா? மில்லுச் சாப்பாடுன்னா வேற மாதிரி இருக்கும்னுதான சார் உக்காருறோம்."

"அந்த அம்மா நம்மளை நம்பிப் போட்டிருக்காங்க ஜெசிந்தா. பந்தல் நிறையத் தொங்குது."

"அதுக்கு ஏன் சார் எங்க தட்டுல கட்டித் தொங்க விடுறீக?" என்றவள், கொஞ்சம் இறங்கி வந்தாள். "பொடலங்கா மேல எங்களுக்கு என்ன கோவம்? ஷிஃப்ட் முடிஞ்சு ஊருக்குப் போகையில கடையில வாடினதும் சொத்தையுந்தான் கெடக்கு. ராத்திரிக்கு அதைத்தான் கொழம்பு வைக்கோம். இதச் சமைக்காம காயாக் குடுங்க. காசு குடுத்தே வாங்கிக்கிறோம்."

"ஆமா சார், குடுங்க. அவுக கூட்டு வைக்கிற லட்சணத்துக்கு நாங்களே வச்சுக்கிறோம்" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. சமையல் மாஸ்டர் கரண்டியை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார்.

தட்டில் வேண்டாம் என்பவர்கள் பையில் வேண்டும் என்கிறார்கள். நான் படித்த எதிலும் இது இல்லை.

4. பஸ்ஸில் தொங்கிய பாம்புகள்

மறுநாள் காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குப் பேச்சியம்மாளை மில்லுக்குள்ளேயே வரவழைத்தேன். டைம் ஆபீஸுக்குப் பக்கத்தில் குவியல். பெண்கள் மொய்த்துவிட்டார்கள். நான் ஓரமாக நின்று என்னை நானே பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டில் செக்யூரிட்டி ஜெசிந்தாவை மறித்தார்.

"நில்லு ஆத்தா. இது என்னா?"

"கண்ணு தெரியலையாண்ணே? பொடலங்கா."

"காயி தெரியுது. வாலுல என்ன, நம்ம மில்லு நூலு?"

அவசரத்தில் பறித்த காய்களில் பாதிக்கு நுனிக் கல்லை அவிழ்க்கவில்லை. கல்லும் நூலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நூற்பாலையில் ஒரு முழம் நூலோடு வெளியே போனால் அது திருட்டு. செக்யூரிட்டி விசில் ஊதிவிட்டார்.

"நூலுத் திருடப் போறவ கல்லக் கட்டிக்கிட்டாண்ணே போவா?" என்று ஜெசிந்தா கத்த, முன்னால் புறப்பட்டுவிட்ட மில் பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, அந்த ஜன்னல்களில் இன்னொரு காட்சி. நான் கேட்டு வாங்கிய நேரான, நீளமான காய் எந்தக் கூடையிலும் அடங்கவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் புடலங்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே எம்.டி.யின் கார் வந்தது.

"பஸ்ஸுல என்னய்யா பாம்பு தொங்குது? இங்கன என்ன கூட்டம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கழிவு நூலைக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். பேச்சியம்மாள் குவியலுக்குப் பின்னால் எழுந்து நின்றார். மீதி இருந்த காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தலில் இன்னும் அதைப்போலப் பல மடங்கு தொங்கிக்கொண்டிருந்தது. கேரளத்து வியாபாரி இந்நேரம் வேறு தோட்டம் பிடித்திருப்பார்.

எம்.டி. ஜெசிந்தாவைக் கேட்டார். "கேன்டீன்ல சாப்பிட மாட்டேன்னியாம். இத மட்டும் எதுக்கு வாங்குற?"

"கேன்டீன்ல நான் சாப்பிடுறவ சார். வீட்டுல நான் சமைக்கிறவ. ரெண்டும் வேற சார்."

எம்.டி. சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மில் கேட்டுக்குள்ள இனி காய்கறி விக்கக்கூடாது. நூல் சமாச்சாரம், ரிஸ்க் எடுக்க முடியாது. கேட்டுக்கு வெளிய, ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரு என்ன விக்கிறாகன்னு பார்க்கிறது என் வேலை இல்லை. பஸ் அங்கன ரெண்டு நிமிஷம் நின்னா அதையும் நான் பார்க்கல."

முதலாளிகள் உத்தரவு போடுகிற முறைகளில் இது மிக உயர்ந்தது. கையெழுத்து இருக்காது, காரியம் நடக்கும்.

5. கல்லை அவிழ்த்த பின்

மறுநாளிலிருந்து சாலைக்கு எதிர்ப்புறம், வேப்பமரத்தடியில் பேச்சியம்மாள் சாக்கை விரித்தார். முதல் வேலையாகப் பந்தலில் இருந்த கல்லையெல்லாம் அவிழ்த்துவிட்டு வந்திருந்தார்.

"என்ன இப்படி வளைஞ்சு கெடக்கு?" என்றேன், நாலைந்து நாளில் வந்த புதுக் காயைப் பார்த்து.

"வளைஞ்சாத்தான் சார் ஒயர்க் கூடைக்குள்ள சுருண்டு உக்காருது. நேரா வளத்ததுல பஸ்ஸுல எடம் பத்தலைன்னு டிரைவரு தம்பி கத்துறாரு."

பிஞ்சாகவே பறித்தார். ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குச் சரியாக வந்தார். ஒரு வாரத்தில் இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள், தங்களுக்குக் காய் மிஞ்சவில்லை என்று என்னிடம் புகார் சொல்ல வந்தார்கள். கொடி காய்ந்து ஓய்கிறவரை ஒரு காய்கூட முத்தி விழவில்லை. கேன்டீனில் புடலங்காய் வாரம் ஒரு நாள் என்று ஆனது. மாஸ்டர் அதை வடைக்குள் மறைத்துப் போட ஆரம்பித்தார். தட்டுகள் காலியாகத் திரும்பின.

கொடி ஓய்ந்ததும், அடுத்து என்ன போடலாம் என்று ஓடைப்பட்டிக்குப் போனேன். இந்த முறை ஸ்பெசிஃபிகேஷன் இல்லாமல்தான்.

"அதெல்லாம் பேசியாச்சு சார்" என்றார் பேச்சியம்மாள். "பந்தல்ல ஒரு பக்கம் அவரை, ஒரு பக்கம் சின்னப் பாகல். ஓரத்துல கத்தரி. ஜெசிந்தா புள்ளையும் அவ கூட்டாளிகளும் என்ன வேணுமுன்னு சொன்னாளுக. பக்கத்துத் தோட்டத்துக்காரவுகளையும் வெண்டை போடச் சொல்லிருக்கேன். எல்லாரும் ஒண்ணையே போட்டா மறுபடியும் ஒங்க கேன்டீன் தொட்டிதான்."

"நல்லது. கேன்டீனுக்கு எவ்வளவு ஒதுக்குவீங்க?"

"மீந்தாத் தாரேன் சார்."

நான் அவரைக் காப்பாற்ற வந்தவன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் இப்போது ஒரு வாடிக்கையாளர். அதிலும் முக்கியமில்லாத வாடிக்கையாளர்.

பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பக்கத்துத் தோட்டத்தில் வாங்குங்கள். தயங்காமல் வாங்குங்கள். நல்ல காய் அங்கேதான் இருக்கிறது. ஆனால் விதை போடுவதற்கு முன்பே, சமைக்கப் போகிறவரையும் நடப் போகிறவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது வாக்குறுதி அல்ல, வாங்குகிற ஆள்.

அவரை காய்த்த முதல் வாரம், வீட்டுக்குக் கொஞ்சம் வாங்கலாம் என்று வேப்பமரத்தடிக்குப் போனேன். குனிந்து சாக்கில் கை வைத்தேன். பேச்சியம்மாள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஷிஃப்ட் ஆளுக நிக்காக சார். பின்னால வாங்க."

போய் ஜெசிந்தாவுக்குப் பின்னால் நின்றேன்.