ஆசியா உம்மாளின் கலயங்கள்

ஆசியா உம்மாள் சிரித்தால் மேலப்பாளையத்தில் எங்கள் தெருவே எட்டிப் பார்க்கும். அப்படிச் சிரிக்கிறவளுக்கு இப்படிக் கத்துகிற மாப்பிள்ளையை எந்தப் புண்ணியவான் பார்த்து வைத்தானோ! நூகு முதலாளிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். பொய். கோபம் முதலில் வரும், மூக்கு பின்னால் வரும்.

அவர் தறிக்கூடத்தில் கைலி நெய்தவன் நான். எங்கள் கைலி தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போகும். எந்த நூல் வாங்குவது, எந்தச் சாயம் போடுவது, எல்லாம் முதலாளியின் நெஞ்சு சொல்கிறபடிதான். "என் கல்பு சொல்லுது" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

1911-ஆம் வருஷம் ஆனியில் மேல்காற்று கிளம்பியதும் தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு இழைகள் படபடவென்று அறுந்தன. முதலாளியின் கல்பு நேராகக் கொம்பையாவைக் காட்டியது. கொம்பையா பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவர். கஞ்சி சரியாக ஏறினால்தான் இழை தாங்கும்.

"உம்ம கஞ்சி தண்ணியாப் போச்சுவே!"

"அதே அரிசி, அதே பதம் முதலாளி. என் கைக்குத் தெரியாதா?"

பாவம், மகளுக்குப் பரிசம் போட்டிருந்த நேரம். வேலை போனவர் வீட்டில் சம்பந்தி கால் வைப்பாரா? ஆனால் முதலாளிக்கு வாய் எங்கே நிற்கும்! "அல்லா மேல ஆணை! இழ அறுகதுக்குக் காரணம் ஆரோ, அவன் வெள்ளிக்கிழம ஜும்மாவுக்கு முன்ன வெளிய போவணும். பொறவு இந்தக் கூடத்துக்குள்ள காலு வைக்கப்படாது!"

வீட்டுப் பக்கக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மாள் கேட்டாள். "ஆருன்னு எப்படிக் கண்டிய?"

"என் கல்பு சொல்லுது."

"ஒங்க கல்பு போன பெருநாளைக்குப் பச்சக் கைலி ஓடும்னும் சொல்லிச்சு. அது ஓடாமக் கெடக்கு. தலவாணிக்கு உறையாத் தச்சுத் தச்சு என் கை ஓஞ்சு போச்சு!"

நாங்கள் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தோம்.

உலை வைக்கும்போதெல்லாம் பள்ளிவாசலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் கலயத்தைப் பார்த்தே எந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, எந்த வீட்டில் எரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஆசியா உம்மாள் அதையே பிடித்துக்கொண்டாள். தறிக்கு இரண்டு கலயம் வந்தது, காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று.

"இழ அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு, நறுக்குன நுனிய இதுல போடுங்க. ஆரும் வாயத் தொறக்க வேண்டாம்."

எவனோ ஒருத்தன் அதில் வெற்றிலைக் காம்பைப் போட்டுவிட்டான். அன்றைக்கு அவன் ஏழு தலைமுறையும் ஏச்சு வாங்கியது. தினமும் சாயங்காலம் கலயங்களை உள்ளே கொண்டுபோய், அந்தந்த நாள் இழையைத் தனித்தனியாகத் துணியில் கட்டி வைத்தாள்.

வியாழக்கிழமை எல்லாவற்றையும் எங்கள் முன்னால் பரப்பச் சொன்னாள். காலைக் கட்டுகளில் ஏதோ நாலு இழை. மத்தியானத்திலும் உள்சுவர்த் தறிகளுக்கு அப்படித்தான். மேற்குச் சன்னலோரத் தறிகளில் மட்டும் குவியல் குவியல்!

"எல்லாத் தறிக்கும் ஒரே கஞ்சிதான? அது மத்தியானம், சன்னலுகிட்ட மட்டும் தண்ணியாவுமோ?" என்றாள். "செவ்வாக்கிழமையப் பாருங்க. மத்தியானமும் ஒண்ணும் அறுகல. அன்னைக்கு இங்கன என்ன இல்ல?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் வாய் சும்மா இருக்குமா! "முதலாளி இல்ல. தூத்துக்குடிக்குல்லா போயிருந்தாவ" என்றேன்.

அவ்வளவுதான், கதவுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு அந்தச் சன்னலைத் திறந்து, சாய்வு நாற்காலி போட்டுக் காற்று வாங்குவது முதலாளி ஒருவர்தான். ஆனிக் காற்று உள்ளே வந்து பாவைக் காயவைத்துவிடும். காய்ந்த இழை அறாமல் என்ன செய்யும்? அவர் இல்லாத நாளில் சன்னலைத் தொட எவனுக்குத் தைரியம்?

முதலாளியின் மீசை துடித்தது. செத்தோம் என்று நினைத்தோம்.

மறுநாள் ஜும்மாவுக்கு முன்னால் தன் கையாலேயே சன்னலை அடைத்தார். நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். கொம்பையா ஓடிப்போய் அதன் காலைப் பிடித்தார்.

"வேண்டாம் முதலாளி! ஆணைக்குப் பரிகாரம் உண்டாமே, பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னாவளே!"

"ஒம்ம குடும்பத்தத் தெருவுல விடப் பாத்தேனே, அதுக்கு இதுதான்வே பரிகாரம். விடும்!"

கொம்பையா கண்ணீர் விட்டார். நாங்களும் துண்டால் கண்ணைத் துடைத்தோம். அந்த நேரம் பார்த்து நாற்காலித் துணி கழன்று முதலாளி முகத்தை மூட, அழுகையும் சிரிப்புமாக உருண்டோம்.

அதற்கப்புறம் கூடத்துக்கு எதிர் வேப்பமரத்தடிதான் அவர் கணக்கு வழக்குப் பார்க்கும் கச்சேரி. எது கேட்டாலும் "கலயத்தக் கொண்டாங்கலே!" கொழும்புக் கடைக்கும் கலயம் போயிற்று. எந்த நிறக் கைலி விற்றதோ அந்த நிற நூல் ஒன்று அதில் விழும். திரும்பி வந்த கலயத்தைக் கொட்டிப் பார்த்துத்தான் சாயம். மறந்துபோய் "என் கல்பு..." என்று ஆரம்பித்தால் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கேட்கும்.

ஐப்பசி மழையிலும் குடை பிடித்துக்கொண்டு வெளியேதான் இருந்தார். கொம்பையா பாவுக்குக் கஞ்சி காய்ச்சும்போது முதல் கும்பாவை உப்புப் போட்டு மரத்தடிக்குக் கொண்டுபோவார்.

"கஞ்சி எப்படி முதலாளி?"

"தண்ணியா இருக்குவே" என்பார். மடமடவென்று குடித்துவிட்டு இன்னொரு கும்பா கேட்பார்.